விரதக் கிழமையில் ஒரு பிகல்ஸ்டைனர்

ஒக்டோபர் 22, புதன்

எழும்பியதும் தோய்ந்தேன். விளக்கேற்றினேன். பிறகு ஈரத்தலையோடு குசினி மேசையில் இருந்து இறைச்சிக் கடைக்கு ஓர்டர் அனுப்பினேன்: மாடு, பன்றி, செம்மறி, மஜ்ஜையோடு எலும்பு. கந்தசஷ்டி முதல் நாள். இந்த ஒழுங்கில்தான் நடந்தது.

மூடுபனி. ட்ராம் வந்தது மணிச் சத்தத்தில்தான் தெரிந்தது. இந்த வருடமும் காப்புக் கட்டவில்லை. வேலையில் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது விதி. ஐயருக்கு என்னுடைய காரணம் பழகிவிட்டது.

நான் சமைக்கும் முதியோர் ஹைமில் எல்லோருக்கும் சனிக்கிழமையைப் பற்றியே பேச்சு. அங்கே இருக்கும் ஃபிராவ் அல்ட்மானுக்கு அன்று தொண்ணூறு வயது. பவேரியாக் காட்டுப் பக்கத்தவர். கலியாணம் கட்டி சுவிஸில் பேர்ணுக்கு வந்து ஒரு ஆயுள்காலம் ஆகிறது, ஆனாலும் சாப்பாட்டு மண்டபத்தில் அவருக்குப் பெயர் 'யேர்மன்காரி'. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பிகல்ஸ்டைனர் என்றாராம். (நீளமான பெயர். இனி பி.)

பி. என்பது இதுதான்: சட்டிக்கு அடியில் மஜ்ஜை. மேலே மூன்று இறைச்சியும் துண்டு துண்டாக ஒரு அடுக்கு. பிறகு வெங்காயம், கரட், செல்லெரிக் கிழங்கு, உருளைக்கிழங்கு. திரும்ப இறைச்சி, திரும்பக் கிழங்கு. எலும்பு அவித்த தண்ணீர் ஊற்றி, மூடி, போறணை அடுப்புக்குள். கிளறக் கூடாது. எவ்வளவு ஆசை வந்தாலும் கிளறக் கூடாது. அவ்வளவும்தான். எங்கள் சமையலில் இப்படி ஒன்று இருப்பதாக ஞாபகமில்லை. நாங்கள் எதையும் சும்மா கிடக்க விடுவதில்லை.

தலைமைச் சமையல்காரர் உர்ஸ் குளிரறை வாசலில் மறித்தார். வருட முடிவில் அவர் ஓய்வு பெறுகிறார்.

"சுபா, டைரக்டர் கேக்கிறா. என்ர இடத்துக்கு நீ வாறியோ இல்லையோ? செவ்வாய்க்கிழமை சொல்ல வேணும்."

யோசிக்கிறேன் என்றேன்.

"யோசி. ஆனா ஒண்டு. பொறுப்பாளர் எல்லாத்தையும் ருசி பாக்க வேணும். இவ்வளவு காலமும் மாட்டிறைச்சிக்கு என்ர நாக்கை வாடகைக்கு எடுத்தாய். நான் போகேக்க அந்த நாக்கும் என்னோட வரும்."

சிரித்தார். ஆனால் பகிடி இல்லை. ருசி பார்க்காத ஆளைத் தான் சிபாரிசு செய்ய மாட்டாராம். நியாயம்தான். நான் அவர் இடத்தில் இருந்தாலும் செய்ய மாட்டேன்.

நான் இல்லையென்றால் பெசிமுக்குப் போகும். நல்ல சமையல்காரன், கொசோவோக்காரன், என்னைவிட வயது குறைவு. கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அந்த இடம் வேண்டும். எழுதிப் பார்க்கிறேன்: வேண்டும்.

மாலை பால், ஒரு வாழைப்பழம். தலை லேசாக.

செய்ய: மகள் ஆரணியின் பல் டொக்டர். கோயிலுக்கு என் மனுசன் யோகனின் வேட்டி தோய்க்க. பெரிய மூடி ஒன்று இறுக்கமாக இல்லை, உர்ஸிடம் சொல்ல.


23, வியாழன்

மழை, நுளம்பு அளவுத் துளி. குடை விரிப்பதா விடுவதா என்று தெரியாத மழை.

பி. ஒத்திகை. சிறிய சட்டி ஒன்றில். இரண்டு பிழை விட்டேன்.

ஒன்று: கிளறினேன். மூடியைத் திறந்து ஆவி முகத்தில் அடித்ததும் கை தானாக அகப்பையை எடுத்து அடியில் விட்டு ஒரு பிரட்டுப் பிரட்டியது. அடிப்பிடிக்கும் என்ற பயம் கைக்கு. உருளைக்கிழங்கு உடைந்து முழுவதும் களி.

இரண்டு: உப்பு. அடுக்குக்கு அடுக்கு போடச் சொன்னார் உர்ஸ், போட்டேன். இறக்கும்போது திரும்பவும் போட்டேன். வீட்டில் கறிக்கு இறக்கும்போதுதானே உப்பு. போட்டதே ஞாபகமில்லை, உர்ஸ் ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடும்வரை.

"இதை ஆரே ஆத்தில ஊத்தினா மீனெல்லாம் கடல் எண்டு நினைக்கும்."

பெசிம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்குத் தடிமன், மூக்கடைப்பு, சிரிப்பு இருமலில் முடிந்தது.

"இவவின்ர ரம்ழான் முடிய மட்டும் பொறுத்திருக்கலாம், உர்ஸ்," என்றான்.

"ரம்ழான் உன்ரதல்லோ?"

"என்ரதில இரவில சாப்பிடலாம். இவ இரவிலயும் வாழைப்பழம்தான். இவவின்ர கடவுள் கெட்டிக்காரர்."

பின்னேர ஓய்வில் உடுப்பு மாற்றும் அறையில் பெசிமிடம் கேட்டேன், பன்றிக்கு நீ என்ன செய்கிறாய் என்று. இவ்வளவு காலம் பக்கத்தில் நின்றும் கேட்டதில்லை.

"வாயில வைப்பன். உப்புப் பாப்பன். துப்புவன். வாய் கொப்பளிப்பன். விழுங்கினாத்தான் சாப்பாடு. உம்மாவுக்குச் சொல்லேல்ல. நீயும் துப்பு."

துப்பலாம். வாயில் பட்டால் பட்டதுதானே என்று யோகன் சொல்வார். ஆனால் எனக்கு அது மட்டும் இல்லை. சமைத்ததைத் தொட்டிக்குள் துப்புவது எனக்கு ஒரு மாதிரி. பெசிமைக் குறை சொல்லவில்லை. எனக்கு.

உர்ஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டே: "சனிக்கிழமை எனக்கு லீவு. நீயும் பெசிமும்தான்."


24, வெள்ளி

காலை வேலை மட்டும். பின்னேரம் கோயில்.

மடப்பள்ளிக்குப் பொறுப்பு மாலதி அக்கா. சஷ்டி நாட்களில் சனம் கூட, இன்று சர்க்கரைப் பொங்கல் என் பொறுப்பு. படைக்குமுன் ருசி பார்ப்பதில்லை. மணத்தில், நிறத்தில், அகப்பையின் பாரத்தில் தெரியும். இன்றும் சரியாக வந்தது. வழக்கமாக இதில் எனக்கு ஒரு பெருமை. வாயில் வைக்காமல் சமைக்கத் தெரிந்தவள் நான், ஹைமிலும் அதைத்தான் செய்கிறேன், என்ன பெரிய வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

நேற்றைய உப்புக்குப் பிறகு அது நிற்கவில்லை. பொங்கலை நான் முன்கூட்டி ருசி பார்க்காதது உண்மை. ஆனால் பிறகு சாப்பிட்டிருக்கிறேன். எத்தனையோ வெள்ளிக்கிழமை, எத்தனையோ கடதாசித் தட்டில். அந்த ருசி எனக்குள் இருப்பதால்தான் மூக்கு போதும். பி.யை நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. மூக்குக்கு எதோடு ஒத்துப் பார்ப்பது?

தேங்காய் துருவும்போது மாலதி அக்கா மெல்லிய குரலில்:

"தூன் ஊர்ப் பக்கத்தில இருந்து வாற அந்தப் பிள்ளையைக் காணேல்லையெண்டு பாத்தனியே? மடப்பள்ளியால எடுத்துப் பூக்கட்ட விட்டிருக்கிறன்."

"ஏனக்கா?"

"வேலையிடத்தில மாடு சாப்பிடுறவவாம். தானே வந்து சொல்லுறா. நான் ஒண்டும் ஏசேல்லை. பூவைக் கட்டும் பிள்ளை எண்டு விட்டன். சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்? விசரி."

துருவி முடித்தேன். கைவிரலில் சிறிய கீறல்.

வெளியே சப்பாத்து அடுக்கும் இடத்தில் யோகன் யாரோ புதிதாக வந்த ஒருவரிடம் கதைத்துக்கொண்டு நின்றார். நான் வருவதைக் காணவில்லை.

"என்ர மனுசி வெள்ளைக்காரன்ர குசினியில நிக்கிறா. இண்டுவரைக்கும் மாடு நாக்கில பட்டதில்லை. அதாலதான் மாலதி அக்கா அவவை மடப்பள்ளிக்கை வைச்சிருக்கிறா."

அவர் என்னைப் பற்றி இவ்வளவு ஆசையாக வேறு எந்த விடயத்திலும் கதைத்துக் கேட்டதில்லை.

பஸ்ஸில் புதிய இடத்தைப் பற்றிக் கேட்டார்.

"ருசி பாக்கச் சொல்லுறாங்கள் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லும். இருக்கிற வேலை காணும்தானே."

"காணும்தான்," என்றேன்.


25, சனி

பனி விலகி நல்ல வெயில். மலைகள் முழுவதும் தெரிந்தன. மண்டபத்தில் யாரும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் கேக்.

பி. நாள். அதிகாலையே வெட்டத் தொடங்கினோம். பெசிம் முகக்கவசத்தோடு, கண் சிவந்து. மூன்று பெரிய சட்டி. அடுக்கினேன். உப்பு: வியாழனுக்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமாக. மூடினேன். கிளறவில்லை. அகப்பையை எட்டாத இடத்தில் வைத்துவிட்டேன்.

மணம் வரத் தொடங்கியது. மஜ்ஜை உருகும் மணம், செல்லெரி, மிளகு. இந்த மணத்துக்கு எனக்குத் தமிழில் ஒரு சொல்லும் வரவில்லை.

இறக்கும் நேரம்.

"பெசிம், பார்."

முகக்கவசத்தை இறக்கி ஒரு கரண்டி வாயில் வைத்தான். யோசித்தான். துப்பினான்.

"சூடு."

"உப்பு?"

"சூடு எண்டு மட்டும்தான் தெரியுது. வாய்க்குள்ள கடதாசி மாதிரி இருக்கு."

பராமரிப்புக்காரர் எல்லோரும் மேல்மாடியில், ஆட்களை உடுப்பாட்டிக்கொண்டு. குசினியில் நாங்கள் இருவர். மாடு சாப்பிடாத ஒருத்தி, பன்றி சாப்பிடாத ஒருவன், அவனுக்கு மூக்கடைப்பு. மூன்று இறைச்சியும் ஒரே சாற்றில். பெசிம் சட்டியையும் என்னையும் பார்த்தான்.

"நீ பன்றித் துண்டைப் பார், நான் மாட்டுத் துண்டைப் பாக்கிறன்," என்றான். இருவரும் சிரித்தோம்.

பிறகு கரண்டியை எடுத்தேன். சாற்றை அள்ளி ஊதினேன். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். பெசிம் மறுபக்கம் திரும்பி நின்றான், நல்லவன்.

முடியவில்லை. காரணத்தைச் சரியாக எழுத வேண்டும். அருவருப்பு இல்லை. விரதம் என்பதும் முழுக் காரணம் இல்லை. வாயூறியது. அதுதான் நிறுத்தியது. கடமைக்கு என்றால் குடித்திருப்பேன் போல. ஆசையாக இருந்தது.

கரண்டியைக் கீழே வைக்கவும், பரிமாறும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஃபிராவ் அல்ட்மான் பிடித்து நடக்கும் தள்ளுவண்டியோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பிறந்தநாள் நீலச் சட்டை. மணம் பிடித்து வந்தாராம்.

"தாருங்கோ அதை."

கொடுத்தேன். குடித்தார்.

"உப்பில்லை. பயந்து பயந்து சமைச்சிருக்கிறாய்."

கிளறக் கூடாததில் உப்பைப் பிந்திப் போட முடியாது. எலும்புத் தண்ணீரைச் சூடாக்கி அதில் உப்பைக் கரைத்து, சட்டியின் விளிம்போரமாக ஊற்றினோம். அவர் ஜன்னலில் நின்று ஒவ்வொரு முறையும் கரண்டியை நீட்டினார். "இன்னும்." "இன்னும்." பிறகு கரண்டியை நக்கினார்.

மண்டபம். பக்கத்து மேசைச் சுவிஸ் கிழவர் சத்தமாக: "இது யேர்மன்காரர் எங்களிட்டக் களவெடுத்த சூப்!"

ஃபிராவ் அல்ட்மான்: "களவெடுத்துத் திருத்தினாங்கள். பிடிக்காட்டி தட்டை இஞ்சால தள்ளும்."

கிழவர் தள்ளவில்லை. இரண்டாம் தட்டும் வாங்கினார்.

ஃபிராவ் அல்ட்மான் கண்கலங்குவார் என்று பராமரிப்புக்காரர் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், ஒருத்தி படம் எடுக்கவும் நின்றாள். கலங்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டார், மஜ்ஜை காணாது என்றார். தட்டு எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்து:

"உனக்கு எப்பிடி இருந்தது?"

"நான் சாப்பிடேல்லை."

"ஏன், பிடிக்காதோ?"

"தெரியாது," என்றேன்.

"தெரியாதோ?" அவருக்கு விளங்கவில்லை. "நீ சமைச்சது, உனக்குத் தெரியாதோ?"

சட்டி கழுவி வீட்டுக்கு. கால் வீக்கம். பால், பழம்.


26, ஞாயிறு

குளிர்காலத்துக்கு மணிக்கூட்டைப் பின்னுக்கு மாற்றிய நாள். ஒரு மணித்தியாலம் கூட. படுத்தபடி கிடந்தேன். அந்த 'தெரியாது' போகவில்லை.

இத்தனை வருடமும் எவ்வளவு சமைத்திருக்கிறேன் அங்கே. ரோஸ்ட், குலாஷ், கன்றுச் சோஸ். எல்லாம் நல்லது என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் நம்பினேன். எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்தவள் நான். பார்க்காததை எழுதாதே என்றுதான் முதல் வருடத்திலேயே சொல்லித் தந்தார்கள்.

ஆரணி பின்னேரம் என் கட்டிலுக்கு வந்து குப்புறக் கிடந்தாள். பதினேழு வயது, இன்னும் குளித்த ஈரத் துவாய் கட்டிலில். கிம்னாசியத்தில், அதாவது உயர்பள்ளியில், சோதனை, படிப்பதில்லை.

"அம்மா, நீங்கள் அந்த வேலையை எடுக்கப் போறீங்களோ?"

"அப்பா வேண்டாம் எண்டுறார்."

"நான் அப்பாவைக் கேக்கேல்ல." பிறகு, போனைப் பார்த்தபடி: "அப்பா வேலையில, ட்ராம் டிப்போக் கடையில, சாப்பிடுற கெபாப் என்னெண்டு நினைக்கிறீங்கள்?"

"கோழி."

"ஓம் அம்மா. கோழி." முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அந்தக் கடையில கோழியே இல்லை. கன்றுதான்."

தலையணையால் அடித்தேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கோபம் என்று சொல்ல முடியாது. யோகன் தெரிந்தே சாப்பிடுகிறாரா, கேட்காமல் சாப்பிடுகிறாரா? கேட்காமல்தான் இருக்கும். அவர் விட்டதையும் சேர்த்து நான் பிடித்துக்கொண்டிருக்கிறேனோ? அதைத்தான் சப்பாத்து அடுக்கும் இடத்தில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்கிறாரோ?

அவரிடம் கேட்கப் போவதில்லை. கேட்டால் அது அவர் கதையாகிவிடும். இது என்னுடையது.

கட்டடத்துப் பொது மெஷினில் உடுப்புத் தோய்க்கும் முறை இன்று எங்களுக்கு இல்லை, மறந்து கீழே போய்விட்டேன். பக்கத்து வீட்டு மனுசி சுவரில் ஒட்டிய அட்டவணையைக் காட்டினா. மன்னிப்புக் கேட்டுக் கூடையோடு திரும்பினேன்.


27, திங்கள்

ஆறாம் நாள். காற்று. மதியம் கொஞ்சம் கண் இருண்டது. உர்ஸ் கதிரை இழுத்துப் போட்டார்.

"சனிக்கிழமை நல்லாப் போச்சாம். ஆர் ருசி பாத்தது?"

"ஃபிராவ் அல்ட்மான்."

"ஹ்ம். ஒவ்வொரு நாளும் அவவைக் கூட்டிக்கொண்டு வருவியோ? அவவுக்குத் தொண்ணூறு."

பி.யை வியாழக்கிழமை திரும்ப மெனுவில் போட்டிருக்கிறார். இருபது பேர் கேட்டார்களாம். "இந்த முறை ருசி பாக்கிறது நீ," என்றார்.

பெசிம் அந்தப் பக்கம் போனபின் குரலைத் தாழ்த்தி: "அவன்ர பேரை எழுதவோ எண்டு டைரக்டர் கேட்டவ. செவ்வாய் மட்டும் பொறுங்கோ எண்டு சொன்னன்."

பின்னேரம் சூரசங்காரம். கார் நிறுத்தும் இடத்தில். இந்த வருடமும் சூரனைத் தூக்கியவர்களில் யோகன் ஒருவர். தலை மாற்றும்போது மாமரக் கிளைக்குப் பதிலாக யாரோ கொண்டுவந்த ஏதோ ஊசியிலைக் கிளை. சின்னப் பிள்ளைகள் சூரனுக்குக் கைதட்டினார்கள். மாலதி அக்கா ஏசினா: "அவன் கெட்டவனடா! முருகனுக்குத் தட்டுங்கோ!" ஒரு பெடியன்: "அவர்தான் நல்லா டான்ஸ் ஆடுறார்." யோகனுக்கு அது கேட்டது. இன்னும் கொஞ்சம் ஆடினார்.

கூட்டத்தில் தூன் பிள்ளை நின்றா, கையில் பூத்தட்டு. என்னைக் கண்டு சிரித்தா. அவவின் முகத்தில் குறை ஒன்றும் இல்லை. வடிவாக நிமிர்ந்து நின்றா. பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போல இருந்தது, போகவில்லை. மடப்பள்ளியில் வேலை இருந்தது.

கும்பிடும்போது ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் ஒன்றும் வரவில்லை.


28, செவ்வாய்

விடியுமுன் எழும்பிப் பாறணைக்குச் சமைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய், வல்லாரைச் சம்பல் (உறைந்தது), பாயசம். யோகன் வேட்டியோடு வந்து இருந்து நன்றாகச் சாப்பிட்டார். சூரன் தூக்கிய தோள்மூட்டு நோகுதாம்.

"இண்டைக்குத்தானே அவங்களுக்குச் சொல்லுறனீர்?"

"ஓம்."

"வேண்டாம் எண்டு சொல்லும், என்ன?" சொல்லிவிட்டு அப்பளம் எடுத்தார். நான் பருப்பு விட்டேன்.

முதல் பிடி சோறு. ஆறு நாளைக்குப் பிறகு உப்பு எவ்வளவு உறைப்பாகத் தெரிகிறது.

இப்போது ட்ராமில். குலுங்குகிறது, எழுத்து கோணல். இன்னும் மூன்று தரிப்பு.

டைரக்டரிடம் ஓம் என்று சொல்லப் போகிறேன். வியாழக்கிழமை சட்டி இறக்கும்போது நானே ருசி பார்ப்பேன், விழுங்குவேன். பிறகு ஒரு தட்டில் போட்டு, கதிரையில் இருந்து, கத்தி முள்ளுக்கரண்டியோடு சாப்பிடுவேன். பிடிக்காமலும் போகலாம்.

யோகனுக்கு அன்று பின்னேரமே சொல்வேன், வேறு யாரும் சொல்லுமுன்.

வெள்ளிக்கிழமை மடப்பள்ளிக்குள் போக மாட்டேன். வாசலில் நின்று மாலதி அக்காவைக் கூப்பிட்டு, சாப்பிட்டேன் என்று சொல்வேன். பூ தந்தால் கட்டுவேன். தராவிட்டால் மண்டபத்தில் சனத்தோடு இருப்பேன்.